ஆதம் மலையும் இறைபண்புகள் பற்றிய வாதமும்

மத்திய மலைநாட்டில், அட்டனிலிருந்து டிக்கோயா, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி நோக்கிச் செல்லும் பாதை, தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து வளைந்து சென்று ஒரு மலையடிவாரத்தில் முடிவடைகின்றது. 2,243 மீற்றர் உயரமுடைய அம்மலையின் உச்சியிலுள்ள பாறையில் பாதச்சுவடு போன்றதொரு பதிவு காணப்படுகின்றது. பௌத்தர் அதனைப் புத்தர் பெருமானின் பாதம் எனக் கொண்டு ஸ்ரீ பாத என்பர். தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரும் ஏனைய சைவரும் சிவபெருமானின் திருவடி எனக் கொண்டு சிவனொளிபாத மலை என்பர். முஸ்லிம்கள் ஆதிபிதா ஆதம் நபியின் காற்சுவடு எனக் கொண்டு பாவா ஆதம் மலை என்பர். இலங்கைத் தீவிலுள்ள சமனொளி மலையை மணிமேகலையும் அறியும். ஆகவே தமிழிலக்கியத்துக்கும் இம்மலை புதியதன்று.

கல் ஒன்று, வாசிப்புகள் பல. ஆயினும் இவ்வாசிப்புகளுக்கிடையே உள்ள ஒரு வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது. சைவர் அங்கு காண்பது இறைவனின் திருவடி. முஸ்லிம்கள் காண்பதோ ஒரு மனிதரின் காற்சுவடு. இறைவனுக்கு அடிச்சுவடு உண்டு எனக் கூற இஸ்லாமியர் எவரும் இசையார். அப்படியாயின், இஸ்லாமிய மூலநூல்கள் இறைவனின் கை, முகம், கண், பாதம் என்பன பற்றிப் பேசுமிடங்களை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர்? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இஸ்லாமிய அறிஞரைப் பல அணிகளாகப் பிரித்த வினா இது. அவ்வணிகளின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதும், அவ்வரலாறு எதிர்பாராத வகையில் நமது மலைநாட்டுச் சிகரத்தைத் தொட்டுச் செல்வதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

ஆதம் நபி இலங்கையில் இறங்கினார் என்னும் செய்தி திருக்குர்ஆனில் இல்லை. அது விளக்கவுரை மரபிலும் பயணிகளின் நூல்களிலும் வளர்ந்த செய்தியாகும். 923இல் மறைந்த வரலாற்றாசிரியர் தபரீ, ஆதம் இந்திய நிலப்பகுதியில் இறங்கினார் எனக் கூறும் பழைய அறிவிப்புகளைத் தொகுத்துத் தந்துள்ளார். 851ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட சீன, இந்தியச் செய்திகள் பற்றிய அரபு நூலொன்று, சரந்தீபிலுள்ள மலையின் மீது ஆதமின் காற்சுவடு இருப்பதாகவும் அவரது மற்றைய காலடி கடலில் பதிந்ததாகவும் வணிகர் கூறக் கேட்டவாறு குறிப்பிடுகின்றது. கடல் வணிகரே இச்செய்தியை உலகறியச் செய்தனர் என்பது இதனாற் புலனாகும்.

ஆதமின் பெயர் இறைபண்புகள் பற்றிய வாதத்திலும் நடுநாயகமாக விளங்குவது குறிப்பிடத்தக்கது. குர்ஆனின் 38ஆம் அத்தியாயத்து 75ஆம் வசனம், ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸை நோக்கி, தன் இரு கைகளாலும் படைத்த ஒன்றுக்குப் பணியாமல் உன்னைத் தடுத்தது யாது என இறைவன் வினவுவதாக அமைந்துள்ளது. இவ்வாறே 48:10 இறைவனின் கை பற்றியும், 55:27 அவனது முகம் பற்றியும், 20:5 அவன் அர்ஷ் என்னும் அரியணை மீது அமைந்தமை பற்றியும் கூறுகின்றன. நரகம் நிறைவுறுதற்கு இறைவன் அதன்மீது தன் பாதத்தை வைப்பான் என்றும், ஒவ்வோர் இரவின் இறுதி மூன்றிலொரு பகுதியில் அவன் கீழ்வானத்துக்கு இறங்குகின்றான் என்றும் நபிமொழிகள் உள. இவற்றுக்கு மறுபுறத்தே 42:11 நிற்கின்றது. அவனைப் போன்றது எதுவுமில்லை என்பதும், அவன் கேட்பவன், பார்ப்பவன் என்பதும் அவ்வொரே வசனத்தின் கருத்துகளாம். ஒப்புமையை மறுக்கும் வசனமே பண்புகளையும் கூறி முடிகின்றது. வாதம் முழுவதும் இவ்வொரு வசனத்துள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

இதனோடு 3:7ஆம் வசனத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். குர்ஆனில் தெளிவான வசனங்களும் பல பொருளுக்கு இடந்தரும் வசனங்களும் உள்ளன என அது கூறுகின்றது. பின்னவற்றின் விளக்கத்தை அறிவோர் யார் என்பது, அவ்வசனத்தை ஓதுகையில் எவ்விடத்தே நிறுத்துவது என்பதைப் பொறுத்துள்ளது. அல்லாஹ் என்னும் சொல்லில் நிறுத்தினால், விளக்கம் அவனுக்கு மட்டுமே உரியது. நிறுத்தாது தொடர்ந்தால், அறிவில் ஊன்றியவர்களும் அதனை அறிவர். ஓதுவாரின் ஒரு மூச்சு நிறுத்தம் இருவேறு கொள்கைகளுக்கு வாயில் திறந்தமை வியப்புக்குரியது.

இச்சிக்கல் தமிழ் மாணவர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஊர் அவன் கையில் உள்ளது என்றால், அவனது அதிகாரத்தில் உள்ளது என்றே பொருள் கொள்கிறோம். தக்க வேளையில் கைகொடுத்தான் என்றால் உதவினான் என்கிறோம். இத்தகைய வழக்குகளை மரபுத்தொடர் என்றும் ஆகுபெயர் என்றும் நம் இலக்கணம் வகைப்படுத்தும். ஆனால் மரபு மொழிக்கு மொழி வேறுபடும். குர்ஆனின் 5:64ஆம் வசனத்தில் விரிந்த கைகள் வண்மையைக் குறிக்கின்றன. தமிழில் ஒருவன் கையை விரித்தான் என்றால் இல்லையென்று விட்டான் என்பது பொருள். இறைபண்பு பற்றிய உரை வேறுபாடும் நாம் அறியாததன்று. திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் வரும் எண்குணம் என்பதற்குச் சைவாகமத்து எண்குணங்களைப் பொருளாகக் கொண்ட பரிமேலழகர், வேறு பொருள் கூறுவாரும் உளர் என்பதைக் குறிப்பிட்டுச் செல்கின்றார். மூலம் ஒன்றாயிருக்கவும் உரை பலவாதல் அறிவுலகின் இயல்பு.

இஸ்லாமிய உலகில் இவ்வினாவை முதன்முதல் முறைப்படுத்தப்பட்ட தருக்கத்துக்கு உட்படுத்தியோர் முஃதஸிலாக்கள். 748இல் மறைந்த வாஸில் இப்னு அதா இவர்தம் முன்னோடியாகக் கருதப்படுபவர். பஸ்றா நகர் இவர்தம் தொட்டில். இறைவன் ஒருவன் என்பதில் இவர்கள் கொண்ட உறுதி எத்தகையதெனின், அவனது உள்ளமையின் வேறாக அறிவு, ஆற்றல் முதலான பண்புகள் அநாதியாய் உள்ளன எனக் கூறுவதும் பல அநாதிப் பொருள்களை ஏற்பதாகும் என அஞ்சினர். ஆகவே பண்புகள் உள்ளமையின் வேறல்ல என்றனர். கை என்பதை ஆற்றல் அல்லது அருட்கொடை என்றும், முகம் என்பதை உள்ளமை என்றும், அரியணைமேல் அமைதலை ஆளுகை என்றும் விளக்கினர். இறைவனின் பேச்சாகிய குர்ஆனும் படைக்கப்பட்டதே என்பது இவர்களின் முடிபு.

இம்முடிபு ஏட்டளவில் நின்றிருந்தால் வரலாறு வேறாயிருக்கும். 833இல் அப்பாஸியக் கலீபா மஃமூன் இதனை அரசின் கொள்கையாக்கி, நீதிபதிகளையும் அறிஞர்களையும் விசாரணைக்கு உட்படுத்தினார். இசைய மறுத்தோர் சிறைப்பட்டனர். 855இல் மறைந்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் கசையடியும் ஏற்றும் இசைந்தாரல்லர். ஏறத்தாழ 15 ஆண்டுகளின் பின்னரே அவ்விசாரணை கைவிடப்பட்டது. பகுத்தறிவின் பெயரால் எழுந்த இயக்கம் அதிகாரத்தைப் பற்றிக்கொண்டு மாற்றுக் கருத்தினரைத் தண்டித்தது. பின்னாளில் அதிகாரம் இடம் மாறியபோது முஃதஸிலாக்களும் அவ்வாறே ஒடுக்கப்பட்டனர்.

முஃதஸிலாக்களுக்கு எதிரே நின்ற ஹதீஸ் அறிஞர், மூலநூல் கூறியதைக் கூறியவாறே ஏற்றல் வேண்டும் என்றனர். இறைவன் அரியணை மீது அமைந்தது எவ்வாறு என வினவப்பட்டபோது, 795இல் மறைந்த இமாம் மாலிக், அமைந்தமை அறியப்பட்டது, அதன் விதம் மனித அறிவுக்கு எட்டாதது, அதனை நம்புதல் கடமை, அதைத் துருவி வினவுதல் புதுமை என்னும் கருத்துப்பட விடையளித்ததாக அறிவிக்கப்படுகின்றது. பின்வந்த அணிகளுள் அநேகமாக எல்லாமே இவ்விடையைத் தமக்குச் சான்றாகக் காட்டின. அவ்விடையின் எப்பகுதியை அழுத்தி ஓதுவது என்பதிலேயே வேறுபட்டன.

முஃதஸிலா அணியிலிருந்து வெளியேறி, ஹதீஸ் அறிஞரின் கொள்கையைத் தருக்க முறையால் நிலைநாட்ட முனைந்தவர் 935ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் ஹஸன் அல்அஷ்அரீ. கை என்பது ஆற்றலே என்னும் வாதத்துக்கு அவர் கூறிய மறுப்பு நுட்பமானது. ஆற்றலால் படைக்கப்பட்டதே ஆதமின் சிறப்பு என்றால், இப்லீஸும் அதே ஆற்றலால் படைக்கப்பட்டவன்தானே? இரு கைகளால் படைத்தேன் என ஆதமைச் சிறப்பித்துக் கூறியதன் பயன் யாது? ஆகவே கையை மறுக்கவும் வேண்டா, உறுப்பெனக் கொள்ளவும் வேண்டா. எவ்வாறு எனக் கேளாது ஏற்க என்பது அவர் நிலை. பிலா கைஃப் என அரபியில் வழங்கும் கொள்கை இதுவே. அதே காலத்தில் சமர்கந்தில் வாழ்ந்து 944இல் மறைந்த அல்மாதுரீதீயும் ஏறத்தாழ இதனையொத்த நடுவழியை வகுத்தார். ஹனபி மத்ஹபைச் சார்ந்தோர் பெரும்பாலும் அவரைப் பின்பற்றினர்.

பிற்கால அஷ்அரிய்யாக்களிடையே இருவழிகள் தோன்றின. பொருளை இறைவனிடமே ஒப்புவித்து அமைதல் ஒன்று. இது தஃப்வீழ் எனப்படும். அரபு வழக்குக்கு இயைந்த மாற்றுப்பொருள் கூறுதல் மற்றொன்று. இது தஃவீல் எனப்படும். இவ்வழியில், பாதம் பற்றிய நபிமொழிக்கு, முற்படுத்தி அனுப்பப்பட்டோர் என்னும் பொருளும், இரவில் இறங்குதலுக்கு அருள் இறங்குதல் என்னும் பொருளும் கூறப்பட்டன. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இறுதிக் காலத்தில் எழுதிய நூலொன்றில், பொதுமக்களை இவ்வாதங்களில் இறக்குதல் தகாது என வற்புறுத்தினார். ஊர் ஆளுநரின் கையில் உள்ளது என்னும் வழக்கை அவரும் எடுத்தாண்டு, அவ்வாளுநர் கை துண்டிக்கப்பட்டவராயினும் அக்கூற்றுப் பொருந்தும் என்கின்றார். 1490இல் மறைந்த வட ஆபிரிக்க அறிஞர் ஸனூஸீ, இறைவனுக்கு இருந்தேயாக வேண்டிய 20 பண்புகள் என அஷ்அரீ கொள்கையை எளிய வாய்பாடாக்கினார். இந்து சமுத்திரக் கரையோரங்களில், சிறப்பாக மலாய் நாடுகளில், சிறுவரும் மனனஞ் செய்யும் பாடமாக அது பரவியது.

இவ்வழிக்கு எதிரான வலுமிக்க வாதத்தை முன்வைத்தவர் டமஸ்கஸ் நகரின் இப்னு தைமிய்யா (1263–1328). அறிவு, ஆற்றல், கேள்வி, பார்வை என்பவற்றை இறைவனுக்கு உரிய முறையில் உண்டென ஏற்கிறீர்கள். மனிதரின் அறிவு போன்றதன்று என்கிறீர்கள். அவ்வாறே கையையும் முகத்தையும் ஏற்பதில் தடை யாது என அவர் வினவினார். மூலநூல் கூறியதைத் திரிக்காமலும், மறுக்காமலும், விதம் கற்பிக்காமலும், ஒப்புமை கூறாமலும் ஏற்றல் வேண்டும் என்பது அவரது முடிபு. அறிவு உடம்பை வேண்டி நிற்பதன்று. கையோ உறுப்பென்னும் கருத்தை உடன் கொணர்வது. ஆதலின் இரண்டும் ஒன்றல்ல என்பது அஷ்அரிய்யாக்களின் விடை. இருபாலார் வாதமும் எளிதில் தள்ளத்தக்கனவல்ல. இது மத்ஹபு வேறுபாடும் அன்று. 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ ஹன்பலியாக இருந்தும், சொற்களை நேர்ப்பொருளிற் கொண்ட ஹன்பலிகளைக் கண்டித்து நூல் எழுதினார்.

இவ்வாதத்தையும் நமது மலையையும் இணைப்பவர் இப்னு பதூதா என்னும் மொறொக்கோ நாட்டுப் பயணி. 1326 ஓகஸ்ட் மாதம் 9ஆம் நாள் டமஸ்கஸை அடைந்த அவர், அங்கு இப்னு தைமிய்யாவின் சொற்பொழிவைத் தாம் நேரிற் கேட்டதாக எழுதியுள்ளார். நான் இறங்குவது போன்றே இறைவனும் கீழ்வானத்துக்கு இறங்குகின்றான் என்று கூறி, அவர் சொற்பொழிவு மேடையின் ஒரு படி இறங்கிக் காட்டினார் என்பதும், மறுத்துரைத்த மாலிக்கி அறிஞரைக் கூட்டத்தினர் அடித்தனர் என்பதும் அச்செய்தி. இறைவனை மனிதனுக்கு ஒப்பாக்கியவர் இப்னு தைமிய்யா என்பதற்கு எதிர்த்தரப்பினர் காட்டும் சான்றுகளுள் இது மிகப் பிரபலமானது.

ஆயினும் வரலாற்று மாணவன் ஆண்டையும் மாதத்தையும் ஒப்புநோக்கக் கடமைப்பட்டவன். சமாதிகளைத் தரிசிக்கும் நோக்குடன் பயணம் செய்வது பற்றிய தீர்ப்பொன்றின் காரணமாக இப்னு தைமிய்யா 1326 ஜூலை மாதத்திலேயே டமஸ்கஸ் கோட்டையிற் சிறை வைக்கப்பட்டார். 1328இல் அவர் உயிர் பிரிந்ததும் அக்கோட்டையிலேயே. இப்னு பதூதா நகரை அடைந்தபோது அவர் மேடையில் இருந்திருக்க முடியாது. மேலும், அந்நபிமொழிக்கு இப்னு தைமிய்யா தனி விளக்கநூல் எழுதியுள்ளார். அந்நூலில் படைப்புகளின் இறக்கத்தோடு ஒப்பிடுவதை அவர் தெளிவாக மறுக்கின்றார். பயணநூலோ ஏறத்தாழ 30 ஆண்டுகளின் பின், 1355இல், இப்னு ஜுஸை என்பவரால் எழுதி முடிக்கப்பட்டது. நகரில் உலவிய எதிர்த்தரப்புக் கதையொன்று பயணியின் நினைவில் நேர்க்காட்சியாக மாறியிருத்தல் கூடும்.

1344இல் அதே பயணி இலங்கையை அடைந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, அவர் வேறெதனையும் கேளாது ஆதமின் பாதத்தைக் காணவே விரும்பியபோது, ஆண்டுதோறும் அங்கு செல்லும் யோகியர் 4 பேரையும் பிராமணர் 3 பேரையும் துணைக்கு அனுப்பினான். மலையேற உதவும் சங்கிலிகள் பற்றியும், பாவா வழி, மாமா வழி என்னும் ஆதம், ஹவ்வா பெயர்கொண்ட இரு பாதைகள் பற்றியும், 11 சாண் நீளமான சுவடு பற்றியும் அவர் விரிவாக எழுதியுள்ளார். இன்று தேயிலை போர்த்திருக்கும் அச்சாரல்கள் அன்று அடர்ந்த காடு. முஸ்லிம் பயணி ஒருவர் யோகியரோடும் பிராமணரோடும் ஒரே பாதையில் ஏறி ஒரே சுவட்டைக் கண்டு திரும்பினார். அது யாருடைய பாதம் என்னும் வழக்கு அவர்களிடையே எழுந்ததாக அந்நூலிற் செய்தி இல்லை.

அம்மலைக்கு முதன்முதல் வழி திறந்தவர் ஷீராஸ் நகரின் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் எனவும் இப்னு பதூதா கூறுகின்றார். காட்டில் யானைக் கன்றைக் கொன்று தின்ற தோழரை யானைகள் கொன்றன என்றும், உண்ண மறுத்த ஷைகை ஒரு யானை முதுகிலேற்றி மக்களிடம் சேர்த்தது என்றும், அன்றிலிருந்து இந்நாட்டார் முஸ்லிம்களை மதித்துத் தம் இல்லங்களில் இடமளித்தனர் என்றும் ஒரு கதை வருகின்றது. இதனை மரபுச் செய்தியாகக் கொள்வதே தகும். ஆயினும் 982இல் மறைந்த இப்னு கஃபீஃப் வரலாற்று மனிதர். அவர் பஸ்றா சென்று அல்அஷ்அரீயைச் சந்தித்தவர் என அஷ்அரிய்யா வரலாற்றாசிரியர்கள் அவரைத் தம்மவராகப் போற்றுவர். இப்னு தைமிய்யாவோ தமது ஹமவிய்யா என்னும் நூலில், இறைபண்புகளை உள்ளவாறே ஏற்போருக்குச் சான்றாக அதே இப்னு கஃபீஃபின் கொள்கையுரையை நீளமாக எடுத்தாள்கின்றார். பின்னாளில் பகைத்து நின்ற இருபாலாரும் தம் முன்னோராக உரிமை கோரிய ஒருவரின் பெயரையே மலைவழியின் கதையும் தாங்கி நிற்கின்றது.

இக்கொள்கைகள் தமிழில் வந்து சேர்ந்த வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர். அஷ்அரீ கொள்கையே அவர்களிடை நெடுங்காலம் போதிக்கப்பட்டது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் இயற்றிய பத்ஹுத் தய்யான் இறைகோட்பாட்டையும் மார்க்கச் சட்டத்தையும் ஒருங்கே கற்பித்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1963இல் கொழும்பில் வெளிவந்தது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை (1838–1898) இறைவன், உலகு, மனிதன் ஆகியவற்றின் தொடர்பை மெய்ஞ்ஞான நோக்கில் ஆராய்ந்து 1897இல் அஸ்றாறுல் ஆலம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். தேயிலை மலைகள் சூழ்ந்த தெல்தோட்டைப் பகுதியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் இஸ்லாமியப் பொருளைத் தமிழ் யாப்பில் பாடினார். 1947இல் பறகஹதெனியாவில் அன்ஸாருஸ் ஸுன்னா இயக்கம் தோன்றியபின், இப்னு தைமிய்யாவின் வழிவந்த விளக்கங்களும் தமிழில் பரவலாயின. இன்று மலைநாட்டு நகரங்களின் பள்ளிவாசல்களில் இருவகை விளக்கங்களும் தமிழிலேயே கேட்கப்படுகின்றன. ஆகவே இது தொலைதூரத்து அரபு வாதம் மட்டுமன்று. தமிழ் மொழியினுள் நிகழும் வாதமுமாகும்.

இவ்வாதத்தில் மாணவர் கொள்ளவேண்டிய நிதானம் யாது? பண்புகளை மறுப்போர் என ஒரு சாராரும், இறைவனுக்கு உருவம் கற்பிப்போர் என மறுசாராரும் ஒருவரையொருவர் பழித்தனர். ஆனால் எவ்வணியும் தன்னை அவ்வாறு விவரித்ததில்லை. முஃதஸிலா காக்க முனைந்தது இறைவனின் ஒருமையை. ஹதீஸ் அறிஞர் காக்க முனைந்தது இறைவாக்கின் சொல்லை. அஷ்அரிய்யாக்கள் இரண்டையும் ஒருங்கே காக்க முனைந்தனர். இப்னு தைமிய்யாவும் அவ்விரண்டையுமே வேறொரு வழியிற் காக்க முனைந்தார். அவனைப் போன்றது எதுவுமில்லை என்னும் வசனத்தை இவர்களுள் எவரும் கைவிட்டிலர். அவர்கள் வேறுபட்டது எதனை நம்புவது என்பதிலும் பார்க்க, மனித மொழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதிலேயே எனலாம்.

ஒரு கொள்கையை அதன் எதிராளியின் கூற்றைக்கொண்டு மட்டும் அறிய முற்படுதல், படியிறங்கிய கதையைக் கொண்டு இப்னு தைமிய்யாவை அறிய முற்படுதல் போன்றதாகும். அக்கதை இன்றும் சொல்லப்படுகின்றது. அவரெழுதிய விளக்கநூலோ அக்கதையைக் கூறுவோரிற் பலரால் திறந்து பார்க்கப்படுவதில்லை. இதே அநீதி முஃதஸிலாக்களுக்கும் அஷ்அரிய்யாக்களுக்கும் இழைக்கப்பட்டுள்ளது. முஸ்லிமை இறைமறுப்பாளன் எனத் தீர்ப்பளிக்கும் துணிவு பெரும்பாலும் இத்தகைய கேள்விச் செய்திகளிலிருந்தே பிறக்கின்றது. அத்தீர்ப்பினால் உறவுகளும் ஊர்களும் பிளவுண்ட வரலாறு டமஸ்கஸுக்கும் பக்தாதுக்கும் மட்டும் உரியதன்று. எனவே ஒவ்வொரு சாராரின் கொள்கையையும் அவரவர் நூல்களினின்றும் எடுத்து, நல்ல தமிழில் பெயர்த்து, பக்கம் பக்கமாக வைத்துக் கற்கும் பணி நம் பல்கலைக்கழகங்களின் முன் உள்ளது. அரபு கற்ற மாணவரும் தமிழ் கற்ற மாணவரும் கூடிச் செய்யவேண்டிய பணி அது. அதனைச் செய்தபின்னர் எவரும் தத்தம் முடிபை மாற்றிக்கொள்ளாதிருக்கலாம். ஆயினும் தாம் மறுப்பது இன்னதென அறிந்து மறுப்பர்.